செய்தி சாட்சியமாகாத தேசம்: திருகோணமலை உணர்த்தும் பாடம்

பத்திரிகைகளை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என வர்ணிப்பது எமது மேடைகளில் வழக்கமாகிவிட்ட ஒன்று. சட்டவாக்கம், நிறைவேற்று அதிகாரம், நீதித்துறை ஆகிய மூன்றும் ஏனைய தூண்கள். ஒரு தூண் மட்டும் கூரையைத் தாங்கிவிட முடியாது என்பதை இவ்வாறு புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பத்திரிகைக்கு எவரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை; எவருக்கும் அழைப்பாணை அனுப்பும் அதிகாரம் இல்லை; தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. மறைக்கப்பட்டதை மக்கள் பார்வைக்குக் கொண்டுவருவதுடன் அதன் பணி முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் அந்தச் செய்தியைக் கையேற்று, விசாரித்து, உண்மையெனில் சாட்சியமாக்கி, தீர்ப்புவரை கொண்டுசெல்ல வேண்டியவை பொது நிறுவனங்களே.

வளர்ச்சியடைந்த நாடுகளிலும் இந்தக் கைமாற்றம் எப்போதும் சீராக நடைபெறுவதில்லை. ஆயினும் எமது நாட்டைப் போன்ற சிறிய, வளர்முக நாடுகளிலேயே இது அடிக்கடி தடைப்படுகிறது. செய்தி வெளிவருகிறது, நாடு அதிர்கிறது, ஆணைக்குழு நியமிக்கப்படுகிறது, ஆண்டுகள் கழிகின்றன, கடைசியில் எஞ்சுவது பத்திரிகை நறுக்கு மாத்திரமே. இதனைவிடப் பாரதூரமான விளைவும் ஒன்றுண்டு. நிறுவனங்கள் ஏற்காத சுமை முழுவதும் செய்தியை வெளிக்கொணர்ந்தவரின் தலைமீதே வந்து விழுகிறது. இதனை விளங்கிக்கொள்ளத் திருகோணமலை மாவட்டத்தின் அனுபவத்தை விடத் தெளிவான உதாரணம் இலங்கையில் இருக்க முடியாது.

துறைமுக மாவட்டத்தின் இயல்பு

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் திருகோணமலையில் அரசின் பிரசன்னம் ஏனைய பல மாவட்டங்களை விட அதிகம். கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம், துறைமுக அதிகார சபை, சீனன்குடா விமானப்படைத் தளம், எண்ணெய்த் தாங்கிகள், கிழக்கு மாகாண ஆளுநர் செயலகம், மாகாண அமைச்சுகள் எனப் பொது நிறுவனங்கள் நிறைந்த மாவட்டம் இது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு ஐந்தில் இருவர் அளவில் முஸ்லிம்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தமிழர். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலானோர் சிங்களவர். எந்தவொரு சமூகமும் தனித்துப் பெரும்பான்மை பெறாத மாவட்டம் என்பதால், இங்கு நடைபெறும் ஒவ்வொரு சம்பவமும் மூன்று மொழிவழிக் கண்களால் நோக்கப்படுகிறது. காணி, கரைவலைப் பாடு, வயல், மேய்ச்சல் தரை, வழிபாட்டிடம் என எதுவும் இங்கு வெறும் நிர்வாகப் பிரச்சினையாக இருந்துவிடுவதில்லை.

இத்தகைய மாவட்டம் தன்னைப் பற்றிய செய்திகளுக்குக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சாகும் நாளிதழ்களையே பெரிதும் நம்பியிருந்தது. அந்த நாளிதழ்கள் நம்பியிருந்ததோ, மாவட்டத்தில் வாழும் பகுதிநேரச் செய்தியாளர்களை. பிரதேசச் செய்தியாளர் என்பவர் யார் என்பதைப் பத்திரிகை வாசகர்கள் பலரும் அறிந்திருக்க நியாயமில்லை. அவருக்குப் பெரும்பாலும் வேறு தொழில் உண்டு. ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, சிறு வியாபாரியாகவோ இருப்பார். பிரசுரமாகும் செய்திக்கு ஏற்பவே கொடுப்பனவு. தலைநகரில் இருக்கும் ஆசிரியர் தாம் விமர்சிக்கும் அதிகாரியை மறுநாள் சந்திக்க வேண்டியதில்லை. பிரதேசச் செய்தியாளரோ அதே அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்னாலுள்ள தரிப்பிடத்திலேயே மறுநாள் காலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்க வேண்டும்.

2006 ஜனவரி: இருபத்திரண்டு நாட்கள்

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே மாணவர்கள் சிலர் கூடியிருந்தனர். ஏறக்குறைய இருபது வயது நிரம்பிய இளைஞர்கள். 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்த உடன்படிக்கை பெயரளவில் நடைமுறையில் இருந்த காலம் அது. முச்சக்கர வண்டி ஒன்றிலிருந்து அவர்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஐந்து மாணவர்கள் உயிரிழந்தனர். இருவர் காயங்களுடன் தப்பினர்.

மாணவர்கள் தாம் கொண்டுசென்ற குண்டு வெடித்தே மாண்டனர் என்பதே படைத்தரப்பு முதலில் வெளியிட்ட தகவல். விபத்து எனில் விசாரணை தேவையில்லை, குற்றவாளிகளும் இல்லை. இந்தக் கூற்று அப்படியே பதிவாகியிருந்தால் விடயம் அத்துடன் முடிந்திருக்கும்.

அதனை முடியவிடாமல் தடுத்தவை சில புகைப்படங்கள். சுடர் ஒளி நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறையில் மாணவர்களின் உடல்களைப் படம்பிடித்தார். அவர்களது உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை அப்படங்கள் தெளிவாகக் காட்டின. அருகில் வைத்துச் சுடப்பட்டனர் என்ற முடிவுக்கே பார்த்தவர்கள் வந்தனர். மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களால் மரணமடைந்தனர் என்பதைச் சட்ட வைத்திய அறிக்கையும் உறுதிப்படுத்தியது. குண்டு வெடித்த விபத்து என்ற கதை அத்துடன் நிலைகுலைந்தது.

ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்வதற்காகப் பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற சுகிர்தராஜன், ஆளுநர் செயலகத்துக்கு அண்மையில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலைக்கும் செய்தியாளர் கொலைக்கும் இடைப்பட்ட காலம் இருபத்திரண்டு நாட்கள். அவர் அந்நாட்களில் துணைப்படைக் குழுக்களின் செயற்பாடுகள் குறித்தும் எழுதியிருந்தார். பாதுகாப்பு மிகுந்த நகரின் மத்தியில், அரச செயலகம் ஒன்றின் அயலில் நடந்த இக்கொலைக்காக எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

இந்தக் கொலையைத் தனித்துப் பார்க்க முடியாது. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட தர்மரத்தினம் சிவராம், 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க எனப் பட்டியல் நீள்கிறது. சுகிர்தராஜன் கொல்லப்பட்டுச் சரியாக நான்கு ஆண்டுகளின் பின்னர், 2010 ஜனவரி 24ஆம் திகதியே பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். தமிழ்ப் பத்திரிகையாளர்கள் அனுபவித்த தண்டனையின்மை சில ஆண்டுகளில் சிங்களப் பத்திரிகையாளர்களின் வாசலையும் வந்தடைந்தது என்பதை இத்திகதிகளே எடுத்துரைக்கின்றன.

நிறுவனங்களின் சங்கிலி எங்கே அறுந்தது?

சந்தேகத்துக்கிடமான மரணம் ஒன்று நிகழ்ந்தால் எமது சட்டத்தில் அதற்கென ஒரு வரிசை உண்டு. பொலிஸார் சம்பவ இடத்தைப் பாதுகாத்துத் தடயங்களைச் சேகரிக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பரிசோதித்து மரணத்துக்கான காரணத்தை அறிக்கையிட வேண்டும். நீதிவான் மரண விசாரணை நடத்த வேண்டும். சந்தேக நபர்கள் இனங்காணப்பட்டால் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும். அவரே மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த வரிசையில் இரண்டு பலவீனங்கள் உண்டு. சந்தேக நபர்கள் பொலிஸாராகவோ படையினராகவோ இருப்பின், தடயங்களைச் சேகரிப்போரும் அதே கட்டமைப்பினராகவே இருப்பர். அடுத்தது, அரசின் சட்ட ஆலோசகரும் குற்றவியல் வழக்குகளை நடத்துபவரும் ஒரே அலுவலகமாக இருப்பது. அரசைப் பாதுகாக்கும் கடமையும் அரசின் ஊழியரைக் குற்றஞ்சாட்டும் கடமையும் ஒருவரிடமே குவிந்திருக்கின்றன. வழக்குத் தொடுப்பதற்கென சுயாதீனமான அலுவலகம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக எழுப்பப்படுவதன் காரணம் இதுவே.

இவற்றுக்கு மேலாக, 2006இல் எமது நாட்டில் சாட்சிகளைப் பாதுகாப்பதற்கென ஒரு சட்டமே இருக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கொல்லப்பட்ட மாணவர்களுள் ஒருவரின் தந்தையாரான வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன், தாம் கண்டதையும் கேட்டதையும் பகிரங்கமாகக் கூற முன்வந்தார். அச்சுறுத்தல்கள் காரணமாக அவர் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு முன்னிலையில் வெளிநாட்டிலிருந்து காணொளி இணைப்பின் ஊடாகச் சாட்சியமளித்தார். அந்த வசதியும் 2008ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது.

பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல், அதாவது சம்பவம் நடந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரே நிறைவேறியது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. இதற்கிடையில் 2013இல் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தோர் கைது செய்யப்பட்டு, பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டனர். 2019 ஜூலை 3ஆம் திகதி, சாட்சியங்கள் போதாமை காரணமாகச் சந்தேக நபர்கள் 13 பேரையும் திருகோணமலை நீதிவான் நீதிமன்றம் விடுவித்தது.

நீதிமன்றத்தை மாத்திரம் குறைகூறுவதில் பயனில்லை. நீதிவான் தம் முன் வைக்கப்படும் சாட்சியத்தைக் கொண்டே தீர்மானிக்க முடியும். சாட்சிகள் அஞ்சி ஒதுங்கியும் நாடு கடந்தும் போன பின்னர், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, சாட்சியம் போதாது என்று ஒரு நீதிமன்றம் கூறுவதில் வியப்பில்லை. சாட்சியம் எவ்வாறு போதாமற்போனது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய நிறுவனம் எது என்பதே இங்குள்ள பிரச்சினை. அதற்கு விடை சொல்ல எவரும் இல்லை.

ஆணைக்குழுக்களும் அறிக்கைகளும்

வழமையான சங்கிலி அறுந்தபோதெல்லாம் எமது அரசுகள் கையாண்ட மாற்றுவழி, விசாரணை ஆணைக்குழு. 2006 நவம்பரில் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ, நீதியரசர் நிஸ்ஸங்க உடலாகமவின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். திருகோணமலை மாணவர் கொலை, மூதூர் தொண்டுப் பணியாளர் கொலை உட்பட பாரதூரமான மனித உரிமை மீறல்கள் அதன் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டன. அதனைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் சர்வதேச பிரமுகர்கள் குழுவும் அமைக்கப்பட்டது. உரிய அரசியல் விருப்பமோ சாட்சிகளுக்கான பாதுகாப்போ இல்லை எனக் கூறி அக்குழு 2008இல் விலகிக்கொண்டது. ஆணைக்குழுவின் ஆயுளும் விசாரணைகள் முற்றுப்பெறாமலே 2009இல் முடிவடைந்தது.

அதன் அறிக்கைக்கு நேர்ந்தது வாசகர்கள் கவனிக்க வேண்டிய விடயம். 2009இல் ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்ட அந்த அறிக்கை, 2015 ஒக்டோபரில்தான் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. மக்கள் பணத்தில், மக்களின் துயரத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆவணத்தை மக்கள் பார்க்க ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மாணவர் கொலையில் சீருடை தரித்தோர் சம்பந்தப்பட்டிருக்கலாம் எனக் கருத வலுவான காரணங்கள் இருப்பதாக ஆணைக்குழுவே கூறியிருந்தது. 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் இவ்விரு சம்பவங்களும் மேலும் விசாரிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் பரிந்துரைக்கும் குற்றப்பத்திரத்துக்கும் இடையிலான தூரத்தை எந்த ஆணைக்குழுவாலும் கடக்க முடியவில்லை. ஆணைக்குழுவுக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரம் இல்லாமையே இதற்குக் காரணம்.

உண்மை நிறுவப்படாதபோது பழி யார்மீது?

இதில் முஸ்லிம் மக்களுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 2006 ஆகஸ்ட் ஆரம்பத்தில் விடுதலைப் புலிகள் மூதூருக்குள் நுழைந்ததையடுத்து மூண்ட மோதல்களில், பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கிக் கால்நடையாக இடம்பெயர்ந்தனர். அதே நாட்களில், ஆகஸ்ட் 4ஆம் திகதி, பட்டினிக்கு எதிரான பிரான்ஸ் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் மூதூரிலுள்ள அலுவலக வளவினுள் கொல்லப்பட்டனர். அவர்களுள் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பணியாற்ற வந்தவர்கள் அவர்கள்.

யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழு, இக்கொலைகளுக்குப் படைத்தரப்பே பொறுப்பு என்ற முடிவை அதே மாத இறுதியில் வெளியிட்டது. அரசு அதனை மறுத்தது. நீதிவான் விசாரணை மூதூரிலிருந்து வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2009 ஜூலையில் ஆணைக்குழுவின் முடிவு குறித்து வெளியான தகவல்களோ, இராணுவத்தையும் கடற்படையையும் பொறுப்பிலிருந்து விடுவித்து, புலிகள் அல்லது முஸ்லிம் ஊர்காவல் படையினர் இதனைச் செய்திருக்கலாம் எனச் சுட்டின.

எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படாத, எவரையும் பெயர் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டாத இத்தகைய 'இருக்கலாம்' என்ற சொல்லின் விளைவை மூதூரில் அருகருகே வாழும் இரு சமூகங்களும் நன்கு அறியும். உண்மை நிறுவப்பட்டால் குற்றம் தனிமனிதரைச் சாரும். அது நிறுவப்படாதபோது, பழி ஒரு சமூகத்தின்மீது படிந்துவிடுகிறது. மரணித்த பதினாறு தமிழரின் குடும்பங்களுக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும் நீதி கிட்டவில்லை. அதற்குப் பதிலாக அயலவரை ஐயுறும் மனநிலையே அவர்களிடம் கையளிக்கப்பட்டது. நிறுவனங்களின் தோல்வி எமது மாவட்டத்தில் இனங்களுக்கிடையிலான பிளவாக உருமாறுவது இவ்வாறுதான்.

நிறுவனங்கள் விரைந்து செயற்பட்ட தருணங்கள்

எமது பொது நிறுவனங்கள் எப்போதும் மந்தமானவை என்று கூறிவிட முடியாது. பத்திரிகைச் செய்தி ஒன்றின்மீது அவை மின்னல் வேகத்தில் செயற்பட்டதும் உண்டு. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர், அதே ஆண்டு மே மாதம், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் எனக் கொழும்புச் சிங்கள நாளிதழ் ஒன்று முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. ஓரிரு நாட்களுக்குள் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிட்டவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. அவர் பணிக்குத் திரும்பவும் நிலுவைச் சம்பளம் பெறவும் மூன்று ஆண்டுகள் சென்றன. அந்தத் தொகையையும் அவர் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய வேளையில் மருந்துக் கொள்வனவுக்கே வழங்கினார்.

இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றில் புகைப்படமும் சட்ட வைத்திய அறிக்கையும் இருந்தன. பதின்மூன்று ஆண்டுகளிலும் வழக்கு விசாரணைக் கட்டத்தைத் தாண்டவில்லை. மற்றையதில் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. கைதுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. ஆகவே ஆளணிப் பற்றாக்குறை, வளப் பற்றாக்குறை என்ற வழமையான விளக்கங்கள் இங்கு பொருந்தமாட்டா. ஒரு செய்தி யாரைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்தே நிறுவனம் விழிப்பதும் உறங்குவதும் தீர்மானிக்கப்படுகிறது.

மொழியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழை வாசிக்கவியலாத ஒரு நிறுவனம் தமிழ் எழுத்தைக் குற்றமாகக் காண்பதும், தமிழ்ப் பத்திரிகை வெளியிடும் ஆதாரத்தைக் காணாதிருப்பதும் ஒரே குறைபாட்டின் இரு முகங்களே. திருகோணமலையில் ஒரு முறைப்பாடு தமிழில் சொல்லப்பட்டு, சிங்களத்தில் பதியப்பட்டு, மீண்டும் தமிழில் விளக்கப்படும்போது எவ்வளவு சிதைந்துபோகும் என்பதைப் பொலிஸ் நிலைய வாங்கில் காத்திருந்த எவரும் அறிவர்.

அரச ஊடகமும் அரச மௌனமும்

இத்தகைய நாட்டில் பொதுமக்களின் பணத்தில் இயங்கும் ஊடகங்களேனும் இடைவெளியை நிரப்பக்கூடும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும், 1973இல் அரசு கையேற்ற ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனமும், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ரூபவாஹினியும் ஆட்சி மாறுந்தோறும் தலைவர்கள் மாறும் அரச அங்கங்களாகவே இருந்து வந்துள்ளன. ஏரிக்கரை நிறுவனத்தின் பங்குகளைப் பின்னர் பொதுமக்களிடம் பரவலாக்குவதாக 1973இல் அளிக்கப்பட்ட உறுதிமொழியை எந்தக் கட்சியும் நிறைவேற்றவில்லை. எதிரணியில் இருக்கும்போது கண்டிக்கப்படும் ஏற்பாடு, ஆட்சிக்கு வந்ததும் வசதியாகிவிடுகிறது.

அரச அலுவலர்களின் மௌனமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. தாபன விதிக்கோவையின்படி, உரிய அனுமதியின்றி ஊடகங்களுக்குக் கருத்துரைக்க அரச அலுவலருக்கு உரிமையில்லை. வைத்தியசாலையில் மருந்தில்லை என்பதையோ, குளக்கட்டு உடையும் நிலையில் உள்ளது என்பதையோ, ஒரு காணிக்கு உரிமைப்பத்திரம் எவருக்கு வழங்கப்பட்டது என்பதையோ பெயரோடு கூற அலுவலர் அஞ்சுகிறார். பெயரற்ற தகவலை வெளியிடும் செய்தியாளர் வதந்தி பரப்புபவராகச் சித்தரிக்கப்படுகிறார்.

இதன் விளைவைச் சம்பூர் மக்கள் அனுபவித்தனர். 2006இல் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்த அவர்களது காணிகளில் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக 2012இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வர்த்தமானி இரகசிய ஆவணமன்று. ஆயினும் முகாமின் தகரக் கொட்டிலில் வாழும் குடும்பம் அதனைத் தேடி வாசிப்பதில்லை. அந்த அறிவித்தலின் பொருளை மக்களிடம் கொண்டுசேர்த்தவை பத்திரிகைகளும் உள்ளூர் அமைப்புகளுமே. 2015இல் அந்த வர்த்தமானி ரத்துச் செய்யப்பட்டு மீள்குடியேற்றத்துக்கு வழி திறந்தது. செய்தி, மக்கள் குரல், வழக்கு, நிர்வாகத் தீர்மானம் ஆகியன ஒன்றையொன்று தொட்டால் பலன் கிட்டும் என்பதற்கு எமது மாவட்டத்திலேயே உள்ள சான்று இது.

கையிலிருக்கும் கருவிகள்

2006இல் சுகிர்தராஜனுக்கு இல்லாத ஒரு கருவி இன்று எம்மிடம் உண்டு. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகம் முதல் அமைச்சுவரை ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். தகவல் கோரும் பிரஜை காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானம் அளிக்க வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டதெனில் 48 மணித்தியாலம். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இச்சட்டம் பத்திரிகையாளருக்கு மட்டும் உரியதன்று. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99இல் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் இணைந்த கம்பனிக்கும் என 2022 ஜனவரியில் உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. அவற்றால் மாவட்டத்துக்குக் கிட்டும் வேலைவாய்ப்பு எவ்வளவு என்று திருகோணமலையின் எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம். கிண்ணியாவில் ஒரு பாலம் ஏன் தாமதமாகிறது, புல்மோட்டையில் ஒரு காணி எந்த அடிப்படையில் எல்லையிடப்பட்டது என்றும் கேட்கலாம். செய்தியாளர் ஒருவர் தனித்துக் கேட்டால் அவரை மிரட்டலாம். ஒரு கிராமத்தில் ஐம்பது பேர் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டால் மிரட்டுவது எளிதன்று. தனிநபர் சுமந்த அபாயத்தைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் வழி இது.

ஆயினும் ஒரு கையால் தந்ததை மறு கையால் பறிக்கும் போக்கும் தொடர்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியின் நியமனத்தில் அமையும் ஆணைக்குழுவிடம் அளிக்கிறது. 2006 ஜனவரியில் இத்தகைய சட்டம் இருந்திருப்பின், பொய் எனத் தீர்ப்பிடப்பட்டிருக்கக்கூடியது குண்டு வெடித்தது என்ற கூற்றா, துப்பாக்கிக் காயத்தைக் காட்டிய புகைப்படமா? வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சாட்சிகள் பாதுகாப்பு பொலிஸ் கட்டமைப்பில் தங்கியிராத ஏற்பாடாக அமைதல் வேண்டும். சந்தேக நபர் பொலிஸாராக இருக்கும் வழக்கில், பாதுகாப்புக்கும் பொலிஸாரையே நாடும்படி சாட்சியிடம் கூறுவது பாதுகாப்பாகாது. புலம்பெயர்ந்த சாட்சிகள் அச்சமின்றி ஒலி, ஒளி இணைப்பில் சாட்சியமளிக்க நடைமுறை வசதி வேண்டும். இரண்டாவதாக, வழக்குத் தொடுக்கும் பொறுப்பைச் சட்டமா அதிபரிடமிருந்து பிரித்துச் சுயாதீன அலுவலகத்திடம் கையளிக்க வேண்டும். மூன்றாவதாக, விசாரணை ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் கையளிக்கப்பட்ட குறித்த காலத்துக்குள் மும்மொழிகளிலும் வெளியாவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பத்திரிகை நிறுவனங்களுக்கும் கடப்பாடு உண்டு. மாவட்டச் செய்தியாளருக்கு நியமனக் கடிதம், காப்புறுதி, சட்ட உதவி, அச்சுறுத்தல் நேர்ந்தால் தற்காலிகமாக இடம்மாறத் தேவையான செலவு ஆகியவற்றை வழங்காமல் துணிச்சலை மட்டும் எதிர்பார்ப்பது அறமாகாது. தமிழ்ப் பத்திரிகை வெளியிடும் ஆதாரம் சிங்கள, ஆங்கில வாசகரையும் சென்றடைய மொழிபெயர்ப்பு உறவுகள் வேண்டும். சமூகம் ஒன்றைச் சுட்டும் குற்றச்சாட்டு எதுவாயினும், அது தமிழரைப் பற்றியதோ முஸ்லிம்களைப் பற்றியதோ சிங்களவரைப் பற்றியதோ, ஆதாரமின்றி அச்சேறக்கூடாது என்ற ஒழுக்கமும் வேண்டும்.

கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் உயிரோடு இருந்திருந்தால் இன்று நாற்பது வயதைத் தொட்டிருப்பர். அவர்களைப் படம்பிடித்தவர் தம் கடமையைச் செய்து முடித்துவிட்டுச் சென்றார். அந்தப் படங்களைக் கையேற்க வேண்டிய நிறுவனங்கள் தம் கடமையை இன்னும் தொடங்கவில்லை. 2019இல் விடுவிக்கப்பட்டது சந்தேக நபர்கள் மாத்திரமே. கொலை நிகழவில்லை என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. கொலைக் குற்றத்துக்குக் காலாவதி இல்லை. கோவை மூடப்படாதிருக்கும்வரை அதனைத் திறக்கும்படி கேட்கும் உரிமையும் மூடப்படுவதில்லை. அதனை இடையறாது கேட்பது பத்திரிகைகளின் கடன். பத்திரிகைகளோடு சேர்ந்து கேட்பது தமிழ், முஸ்லிம் மக்கள் ஒவ்வொருவரதும் கடன்.